ஆலையை மூட வேண்டாம், குட்டையை மூடுங்கள்!

ஜவ்வரிசிப் பாயசம் என்றால் நாவில் நீர் ஊறாதார் யார்? திருமண வீட்டில் பாயசம். கோடை வந்தால் மொட்டை மாடியில் காயும் வடாம். காய்ச்சலில் கிடப்பவருக்குக் கஞ்சி. வடநாட்டில் விரத நாள்களில் உண்ணும் சாபுதானா கிச்சடி. இத்தனைக்கும் வேண்டிய அந்த வெண்முத்துகளில் பெரும்பகுதி நம் சேலம், நாமக்கல் மாவட்டங்களில் உருவாகி நாடெங்கும் செல்கின்றன. 2023ஆம் ஆண்டில் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. நம் மாவட்டத்துப் பெண்களாகிய நாம் இதில் பெருமை கொள்வது இயல்பே.

ஆனால், ஆலையின் முன்வாசலைப் பற்றிப் பெருமையாகப் பேசும் நாம் அதன் பின்புறச் சுவரை ஒட்டி ஓடும் வாய்க்காலைப் பற்றி ஏன் பேசுவதில்லை? பேருந்தில் ஊருக்குச் செல்லும்போது, கண்ணை மூடிக்கொண்டிருந்தாலும் புளித்த வாடையைக் கொண்டே ‘சேகோ பேக்டரி வந்துவிட்டது’ என்று சொல்லிவிடும் தோழியர் நம் வகுப்பில் உண்டு. அந்த வாடையைப் பற்றியும், அதற்குள் ஒளிந்திருக்கும் எரிபொருளைப் பற்றியும் என் கருத்தை இங்கே எழுத விரும்புகிறேன்.

கிழங்கு வந்த கதை

குச்சிக்கிழங்கு என்று நாம் அழைக்கும் மரவள்ளி நம் நாட்டுப் பயிர் அன்று. அதன் தாயகம் தென் அமெரிக்கா. போர்ச்சுகீசியர் அதனை மலையாளக் கரைக்குக் கொண்டுவந்தனர். 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மன்னர், ஏழைகளின் பசி தீர்க்கும் உணவாக அதனைப் பரப்பினார். இரண்டாம் உலகப் போரின்போது கீழ்த்திசை நாடுகளிலிருந்து வந்துகொண்டிருந்த ஜவ்வரிசியும் ஸ்டார்ச்சும் நின்றுபோயின. அந்த நெருக்கடியில்தான் சேலத்தில் குடிசைத் தொழிலாக ஜவ்வரிசி செய்யும் முயற்சி தோன்றியது. வறண்ட நிலத்திலும் விளையும் கிழங்கு, வெயிலுக்குக் குறைவில்லாத களம், உழைக்கத் தயங்காத மக்கள் ஆகிய மூன்றும் ஒன்று சேர்ந்தன, தொழில் வளர்ந்தது. 1981இல் உற்பத்தியாளர்களுக்காக ‘சேகோசர்வ்’ என்னும் கூட்டுறவுச் சங்கம் சேலத்தில் அமைந்தது.

இன்று நூற்றுக்கணக்கான ஆலைகள் இந்தக் கிழங்கை நம்பி நிற்கின்றன. ஆலைகளை நம்பி உழவர்கள் நிற்கிறார்கள். களத்தில் ஜவ்வரிசியைப் பரப்பிக் காயவைக்கும் பெண்களின் குடும்பங்களும் அவற்றையே நம்பி இருக்கின்றன. ஆகவே, ‘நாற்றம் அடிக்கிறது, ஆலையை மூடு’ என்று சொல்வது எளிது. அது நியாயம் ஆகாது.

மூன்று கழிவுகள்

கிழங்கு எவ்வாறு ஜவ்வரிசி ஆகிறது என்பதை அறிந்தால்தான் கழிவின் கதை விளங்கும். வயலிலிருந்து வரும் கிழங்கை முதலில் கழுவித் தோல் உரிக்கிறார்கள். பிறகு எந்திரத்தில் அரைத்து, நீர் விட்டுச் சலிக்கிறார்கள். சல்லடையின் கீழே இறங்குவது மாவுப்பால். மேலே தங்குவது நார்ச்சக்கை. இந்தச் சக்கைக்குத் ‘திப்பி’ என்று பெயர். மாவுப்பாலைத் தொட்டியில் நிறுத்தினால் மாவு அடியில் படியும். மேலே நிற்கும் நீரை வடித்துவிட்டு, ஈர மாவை உடைத்துக் குலுக்கி மணிகளாக்கி, வறுத்துக் களத்தில் உலர்த்துகிறார்கள்.

இவ்வாறு மூன்று கழிவுகள் உண்டாகின்றன: தோல், திப்பி, கழிவுநீர். இவற்றுள் தோல் எருவாகிறது. திப்பியை உலர்த்தி மாட்டுத் தீவனத்துக்கு விற்கிறார்கள். ஆகவே இவ்விரண்டுக்கும் ஓரளவு வழி இருக்கிறது. வழியின்றி நிற்பது மூன்றாவதான கழிவுநீரே. ஒரு டன் கிழங்கை மாவாக்கப் பல ஆயிரம் லிட்டர் நீர் வேண்டும். அந்த நீர் சலிப்பிலும் தொட்டியிலும் படியாமல் தப்பிய மாவையும், கரைந்த சர்க்கரையையும் சுமந்துகொண்டு வெளியேறுகிறது. சில மணி நேரத்தில் புளித்து அமிலமாகிறது. போதாக்குறைக்கு, மரவள்ளியில் இயற்கையாகவே உள்ள சயனைடு தரும் பொருளும் அதில் கலந்திருக்கும்.

ஓர் எளிய கணக்குப் பார்ப்போம். கழிவுநீரில் உள்ள பொருள்களை முழுவதும் சிதைக்க எவ்வளவு ஆக்சிஜன் தேவை என்பதே கழிவின் கடுமையை அளக்கும் அளவை. சேகோ ஆலைக் கழிவுநீரில் லிட்டருக்கு 5,000 மில்லிகிராம், சில வேளை அதற்கும் மேல், ஆக்சிஜன் தேவைப்படும். ஆறு, ஏரிகளில் விடும் நீருக்கு நம் நாட்டின் பொது விதி அனுமதிப்பது 250 மில்லிகிராம் மட்டுமே. நல்ல ஓடை நீர் ஒரு லிட்டரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனோ சுமார் 8 மில்லிகிராம்தான். அப்படியானால், ஒரு லிட்டர் கழிவுநீர் சுமார் 600 லிட்டர் ஓடை நீரின் மூச்சை நிறுத்திவிடக் கூடியது! மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடி மடிவதன் காரணம் இப்போது விளங்குகிறதல்லவா?

சேலம் நகரின் நடுவே செல்லும் திருமணிமுத்தாற்றையும், ஆத்தூர் வழியே செல்லும் வசிஷ்ட நதியையும் பார்த்தவர்கள் பெருமூச்சு விடுவார்கள். இந்த ஆறுகள் கெட்டதற்கு ஊர்ச் சாக்கடை உட்படக் காரணங்கள் பல. எல்லாப் பழியையும் ஒரு தொழிலின் மேல் சுமத்துவது பிழை. ஆயினும், சேகோ ஆலைக் கழிவுக்கும் அதில் பங்கு உண்டு என்பதை மறுக்க இயலாது. ஆலைக்கு அருகில் உள்ள கிணற்று நீர் கெட்டுப்போனால் முதலில் அறிபவர் யார்? குடத்தை எடுத்துக்கொண்டு அடுத்த தெருவுக்கு நடக்கும் நம் தாயும் தமக்கையுமே.

குட்டையில் நடப்பது என்ன?

பல இடங்களில் கழிவுநீரைப் பெரிய குட்டைகளில் தேக்கி வைக்கிறார்கள். ‘வெயிலில் வற்றிவிடும், தானாகச் சரியாகிவிடும்’ என்பது அதன் பின்னால் உள்ள எண்ணம். உண்மையில் அந்தக் குட்டையில் என்ன நடக்கிறது?

குட்டையின் அடியில் காற்று இல்லை. காற்று இல்லாத இடத்தில் வாழ்வதற்கென்றே இயற்கை சில நுண்ணுயிர்களைப் படைத்திருக்கிறது. பசுவின் வயிற்றிலும், நெல் வயலின் சேற்றிலும் இருப்பவை இவையே. இவை மாவைத் தின்று மீத்தேன் என்னும் எரியும் வாயுவை வெளியிடுகின்றன. குட்டையில் கொப்புளம் கொப்புளமாக எழுவது இந்த வாயுதான். அதனோடு அழுகிய முட்டை வாடையுள்ள ஹைட்ரஜன் சல்பைடும் வருகிறது. இத்தாலிய அறிஞர் வோல்ட்டா 1776ஆம் ஆண்டிலேயே மாஜ்ஜோரே ஏரியின் சதுப்பிலிருந்து இத்தகைய வாயுவைச் சேகரித்து ஆராய்ந்தார்.

ஆகவே தோழியரே, நாம் ஒன்றைத் தெளிவாக உணர வேண்டும். ‘எரிவாயு உண்டாக்கலாமா, வேண்டாமா’ என்ற கேள்விக்கே இங்கு இடமில்லை. நாம் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் குட்டையில் எரிவாயு உண்டாகிக்கொண்டுதான் இருக்கிறது. அதனை வானத்தில் விடுவதா, குழாயில் பிடிப்பதா என்பது ஒன்றே கேள்வி. வானத்தில் விட்டால் அது வீணாவதோடு நிற்பதில்லை. நூறு ஆண்டுக் கணக்கில் பார்த்தால், ஒரு கிலோ மீத்தேன் சுமார் 28 கிலோ கரியமில வாயுவுக்குச் சமமாகப் பூமியைச் சூடாக்குகிறது. பிடித்து எரித்துவிட்டால் அந்தக் கேடு மிகவும் குறைகிறது, அடுப்பும் எரிகிறது.

மூடிய கலனின் வேலை

மூடிய கலனில் நடக்கும் வேலை நான்கு படிகளைக் கொண்டது. முதற்படியில் நுண்ணுயிர்கள் மாவை உடைத்துச் சர்க்கரையாக்குகின்றன. இரண்டாம் படியில் சர்க்கரை பலவகை அமிலங்களாகிறது. மூன்றாம் படியில் அந்த அமிலங்கள் அசெட்டிக் அமிலமாகவும் ஹைட்ரஜனாகவும் மாறுகின்றன. நான்காம் படியில் மீத்தேன் நுண்ணுயிர்கள் இவற்றை மீத்தேனாக மாற்றுகின்றன. கிடைக்கும் வாயுவில் பாதிக்கு மேல் மீத்தேன். எஞ்சியதில் பெரும்பகுதி கரியமில வாயு.

இதில் ஒரு சிக்கல் உண்டு. அமிலம் செய்யும் நுண்ணுயிர்கள் வேகமாகப் பெருகுபவை. மீத்தேன் செய்பவையோ மெதுவாகப் பெருகுபவை. சமையலறையில் ஒருத்தி மளமளவென்று தோசை சுட்டுக்கொண்டே இருக்க, பந்தியில் பரிமாற ஒரே ஒரு கிழவி மட்டும் இருந்தால் என்ன ஆகும்? தோசை குவிந்துவிடும். அதுபோல, ஒரே நேரத்தில் அளவுக்கு மேல் கழிவுநீரை ஊற்றினால் அமிலம் குவிந்து கலன் புளித்துவிடும், மீத்தேன் நின்றுபோகும். மாவுக் கழிவு எளிதில் அமிலமாவதால் இந்த ஆபத்து சேகோ ஆலையில் மிகுதி. அதனால் தொடக்கத்தில் சாணம் கரைத்து ஊற்றி நுண்ணுயிர்களை வளர்க்க வேண்டும். கழிவுநீரின் அமிலத்தன்மையைச் சுண்ணாம்பு கொண்டோ, சுத்திகரித்த நீரையே திரும்பக் கலந்தோ குறைக்க வேண்டும். நாள்தோறும் அளந்து ஊற்ற வேண்டும். கைக்குழந்தைக்குப் பால் புகட்டுவதில் உள்ள நிதானம் இதற்கும் வேண்டும்.

நம் ஊர்களில் உள்ள சாண எரிவாயுக் கலனில் சாணக் கரைசல் 30 முதல் 50 நாள் வரை தங்க வேண்டும். ஆலையில் நாள்தோறும் வரும் கழிவுநீரை அத்தனை நாள் தேக்க எங்கே இடம்? இதற்கும் வழி கண்டுவிட்டார்கள். 1970களில் நெதர்லாந்தின் வாஹெனிங்கன் நகரில் லெட்டிங்கா என்னும் அறிஞரும் அவர் குழுவினரும் ஒரு புதிய கலனை வகுத்தார்கள். அங்கே சர்க்கரைப் பீட்டைக் கொண்டு சர்க்கரை செய்கிறார்கள்; அந்த ஆலைக் கழிவுநீரே அவர்களுக்குச் சோதனைப் பொருளாயிற்று. கழிவுநீரைக் கலனின் அடியிலிருந்து மெதுவாக மேலே செலுத்துகிறார்கள். நுண்ணுயிர்கள் கடுகு போன்ற மணிகளாகத் திரண்டு அடியிலேயே தங்கிவிடுகின்றன. நீர் மட்டும் மேலே போய் வழிகிறது. வேலை செய்பவர்கள் வெளியேறாமல் உள்ளேயே இருப்பதால் நாற்பது நாள் வேலை ஓரிரு நாளில் முடிகிறது. உலகெங்கும் மாவு ஆலை, சர்க்கரை ஆலை போன்றவற்றில் இம்முறை பரவியது. நம் சேலம், நாமக்கல், ஈரோடு பகுதிகளிலும் சில சேகோ, ஸ்டார்ச் ஆலைகள் எரிவாயுக் கலன் அமைத்து, மின்சாரமும் வெப்பமும் பெற்று வருகின்றன. ஆகவே இது ஏட்டுச் சுரைக்காய் அன்று.

எவ்வளவு கிடைக்கும்?

நாளொன்றுக்கு ஒரு லட்சம் லிட்டர் கழிவுநீர் விடும் ஆலை ஒன்றை எண்ணிக்கொள்வோம். லிட்டருக்கு 5 கிராம் ஆக்சிஜன் தேவை என்றால் மொத்தம் 500 கிலோகிராம். அதில் நூற்றுக்கு 80 பங்கு கலனில் சிதைவதாகக் கொண்டால் 400 கிலோகிராம். ஒரு கிலோகிராமுக்கு 0.35 கன மீட்டர் மீத்தேன் என்பது வேதியியல் தரும் உச்ச அளவு. அதன்படி 140 கன மீட்டர் மீத்தேன் கிடைக்கும். எரியும் ஆற்றலில் இது சுமார் 100 கிலோகிராம் சமையல் எரிவாயுவுக்குச் சமம். நம் வீட்டு சிலிண்டர் ஒன்றில் 14.2 கிலோகிராம் இருக்கிறது. ஆக, நாளொன்றுக்கு ஏழு சிலிண்டர்!

நடைமுறையில் இதைவிடக் குறைவாகவே கிடைக்கும் என்று வைத்துக்கொண்டாலும், நாள்தோறும் நான்கைந்து சிலிண்டர்களை வாய்க்காலில் உருட்டிவிடும் முதலாளி எவரேனும் உண்டோ? வறுக்க விறகும், எந்திரம் ஓட மின்சாரமும் விலை கொடுத்து வாங்கும் ஆலையே அதனைச் செய்கிறது என்பது வியப்பு அன்றோ! அதே 140 கன மீட்டர் மீத்தேன் திறந்த குட்டையிலிருந்து வெளியேறினால், அதன் எடை ஏறக்குறைய 100 கிலோகிராம். பூமியைச் சூடாக்குவதில் அது 2,800 கிலோகிராம் கரியமில வாயுவுக்கு நிகர். இது ஒரு நாள் கணக்கு மட்டுமே.

எதிர்வாதங்கள்

இந்தக் கருத்தைச் சொன்னால் உடனே சில மறுப்புகள் எழும். அவற்றை ஒதுக்கிவிடாமல் பார்ப்பது நலம்.

‘செலவு அதிகம், சிறிய ஆலையால் தாங்க முடியாது’ என்பது முதல் மறுப்பு. இது பொய்யன்று. பெரிய ஆலைக்குச் சில ஆண்டுகளில் திரும்பிவிடும் முதலீடு சிறிய ஆலைக்குப் பெருஞ்சுமை. ஆனால் ஜவ்வரிசியை விற்பதற்குக் கூட்டுறவு கண்ட இத்தொழில், கழிவுக்கும் கூட்டுறவு காணக் கூடாதா? அருகருகே உள்ள ஆலைகள் சேர்ந்து ஒரு பொதுக் கலன் அமைக்கலாம். நீர் தொலைவு செல்ல இயலாத இடத்தில், குட்டையின் மேல் உறுதியான பிளாஸ்டிக் விரிப்பைப் போர்த்தி வாயுவைப் பிடிக்கும் எளிய முறையும் உண்டு. 1981இல் வீட்டுச் சாண எரிவாயுக்கென்று தேசியத் திட்டம் வகுத்த அரசு, 2018இல் கழிவிலிருந்து அழுத்தப்பட்ட எரிவாயு தயாரிக்க ‘சதத்’ திட்டம் தொடங்கிய அரசு, கிராமத்துச் சிறு ஆலைக்கும் கைகொடுக்க வேண்டும் என்று கேட்பது தவறாகாது.

‘கிழங்கு வருவது சில மாதங்கள்தானே, மற்ற மாதங்களில் கலன் என்ன செய்யும்?’ என்பது இரண்டாவது மறுப்பு. மணிகளாகத் திரண்ட அந்த நுண்ணுயிர்கள் உணவின்றியும் பல மாதம் உறங்கிக் கிடக்கும். பருவம் வந்ததும் சிறிது சிறிதாக ஊட்டினால் எழுந்துகொள்ளும். இடைப்பட்ட காலத்தில் சாணமோ காய்கறிக் கழிவோ கொடுத்தும் காக்கலாம்.

‘திப்பியையும் கலனில் போடலாமே’ என்று கேட்பவரும் உண்டு. போடலாம், வாயு மிகுதியாகக் கிடைக்கும். ஆயினும் என் எண்ணம் வேறு. மாடு தின்னக்கூடியதை மாட்டுக்கே கொடுப்போம். பூஞ்சை பிடித்துத் தீவனத்துக்கு ஆகாத திப்பி, மழையில் நனைந்து அழுகிய திப்பி, இவை கலனுக்குப் போகட்டும். உணவு முதலில், பிறகு எரிபொருள், கடைசியில் எரு. எரிவாயு எடுத்தபின் எஞ்சும் குழம்பில் தழைச்சத்தும் மணிச்சத்தும் அழிவதில்லை. கிழங்கு நிலத்திலிருந்து எடுத்ததில் ஒரு பங்கை மீண்டும் நிலத்துக்கே கொடுத்துவிடலாம்.

அளவுக்கு மேல் புகழ வேண்டாம்

நல்லது ஒன்றைச் சொல்லும்போது அதன் எல்லையையும் சொல்ல வேண்டும். எரிவாயுக் கலன் கழிவுநீரை முழுவதும் தூய்மையாக்கிவிடாது. லிட்டருக்கு 5,000 மில்லிகிராம் இருந்தது 1,000 ஆகக் குறைந்தாலும் அது ஆற்றில் விடத்தக்க நீர் ஆகாது. அதன் பிறகு காற்றூட்டித் தூய்மை செய்யும் தொட்டியும் வேண்டும். ‘கேஸ் பிளான்ட் வைத்துவிட்டோம்’ என்று ஒரு பலகையை மாட்டிவிட்டு, பின்வாசலில் பழைய வாய்க்காலையே திறந்துவிடுவது ஏமாற்று வேலை. சரியாக மூடப்படாமல் கசியும் கலனும் அப்படியே. கசிவுள்ள கலன் திறந்த குட்டைக்கு அண்ணன் தம்பிதான்.

இன்னொன்று, உயிர் பற்றியது. ஹைட்ரஜன் சல்பைடு கொடிய நஞ்சு. சிறிதளவில் அழுகிய முட்டை வாடை வீசும். மிகுதியானால் மூக்கு அதனை உணரும் ஆற்றலையே இழந்துவிடும். கழிவுத் தொட்டிக்குள் இறங்கிய ஒருவர் மயங்கி விழ, அவரைக் காப்பாற்ற இறங்கிய அடுத்தவரும் மடிந்த செய்திகளை நாளிதழ்களில் படித்து எத்தனை முறை கலங்கியிருக்கிறோம்! காற்றில் நூற்றுக்கு 5 முதல் 15 பங்கு மீத்தேன் கலந்தால் தீப்பொறி பட்டு வெடிக்கவும் கூடும். எனவே மனிதர் உள்ளே இறங்காமலே சுத்தம் செய்யும்படி கலனை அமைக்க வேண்டும். பயிற்சி பெற்றவர் இன்றி அதன் அருகே எந்த வேலையும் நடக்கக் கூடாது. கூலிக்கு வரும் ஏழையின் உயிரை விலையாகக் கொடுத்துக் கிடைக்கும் எரிவாயு நமக்கு வேண்டாம்.

வெண்மை மோகம்

இதுவரை ஆலைகளையும் அரசையும் பற்றிச் சொன்னேன். நம் பங்கு ஒன்றும் இதில் இல்லையா? இருக்கிறது. கடைக்குச் சென்றால் நாம் தேடுவது பால் போல் வெளுத்த ஜவ்வரிசியை. இயற்கையான ஜவ்வரிசி சற்று மங்கலாகத்தான் இருக்கும். வாங்குபவர் வெண்மையைக் கேட்பதால், சிலர் சலவைப் பொடி போன்ற வெளுக்கும் இரசாயனங்களையும் அமிலங்களையும் சேர்க்கிறார்கள். உணவுப் பாதுகாப்புத் துறையினர் இத்தகைய ஜவ்வரிசியைப் பறிமுதல் செய்த செய்திகள் பலமுறை வந்துள்ளன. அந்த இரசாயனங்கள் உண்பவருக்குக் கேடு என்பது எல்லாரும் அறிந்தது. அவை எரிவாயுக் கலனுக்கும் கேடு என்பது பலரும் அறியாதது. வெளுப்பான்கள் நுண்ணுயிர்களைக் கொன்றுவிடும். கந்தக அமிலம் கலந்தால் வேறுவகை நுண்ணுயிர்கள் பெருகி, மீத்தேனுக்கு ஆக வேண்டிய உணவைத் தாம் தின்று நஞ்சு வாயுவை மிகுதியாக்கும்.

ஆக, கடையில் நாம் கேட்கும் வெண்மை ஆலையின் கலனைச் சாகடிக்கிறது; கலன் செத்தால் ஓடை சாகிறது. மங்கிய நிறமுள்ள ஜவ்வரிசியை மனமார வாங்குவதும் ஓடைக்குச் செய்யும் தொண்டே. இதற்குப் பணம் தேவையில்லை, பட்டம் தேவையில்லை. அம்மாவிடம் நாம் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

பெண்கள் முன்வர வேண்டும்

நம் நாட்டில் சாண எரிவாயு முயற்சி பழமையானது. 19ஆம் நூற்றாண்டிலேயே பம்பாய் மாதுங்காவில் தொழுநோயாளர் இல்லம் ஒன்றில் கழிவிலிருந்து வாயு எடுத்து விளக்கேற்றினார்கள். பிறகு ஜஷ்பாய் பட்டேல் வகுத்த கலனைக் கதர் கிராமத் தொழில் ஆணைக்குழு ஏற்று ஊர்தோறும் பரப்பியது. ஆனால் நாள்தோறும் சாணம் சுமந்து, நீர் கலந்து, கரைத்து ஊற்றும் வேலை பெண்கள் தலையிலேயே விழுந்தது. பழுதானால் சரிசெய்யும் பயிற்சியோ பெரும்பாலும் ஆண்களுக்கே கிடைத்தது. பழுதான கலனை அறியாதவர்கள் பார்த்துவிட்டு ‘இது உதவாத திட்டம்’ என்றார்கள். பயன்படுத்துபவரே பழுது பார்க்கவும் கற்றிருந்தால் எத்தனையோ கலன்கள் இன்றும் எரிந்துகொண்டிருக்கும்.

ஆலைக் கலன்களிலும் அதே பிழை நேரக் கூடாது. நாள்தோறும் அமிலத்தன்மை அளப்பது, வாயு அளவைக் குறிப்பது, கழிவுநீரைச் சோதிப்பது ஆகியவை நம் வேதியியல் ஆய்வகத்தில் நாம் செய்யும் வேலைகளைவிடக் கடினமானவை அல்ல. களத்தில் வெயிலில் ஜவ்வரிசி துழாவும் பெண்ணின் மகள், அதே ஆலையின் ஆய்வகத்தில் பொறுப்பாளராக அமர வேண்டும் என்பது என் ஆசை. நுண்ணுயிரியலும் சுற்றுச்சூழல் பொறியியலும் படிக்க விரும்பும் தோழியர், வேலை தேடித் தொலைதூரம் போகுமுன் தம் ஊர் வாய்க்காலை ஒருமுறை எட்டிப் பார்க்கட்டும்.

தொடக்கம் நம் விடுதிச் சமையலறையிலேயே இருக்கலாம். புனேயைச் சேர்ந்த ஆனந்த் கார்வே என்னும் அறிஞரின் நிறுவனம், சாணத்துக்குப் பதிலாக மாவுள்ள சமையலறைக் கழிவைக் கொண்டே இயங்கும் சிறு கலனை வகுத்து, 2006இல் ஆஷ்டன் விருது பெற்றது. வடித்த கஞ்சி, மீந்த சோறு, காய்கறித் தோல் ஆகியவை நம் விடுதியிலும் நாள்தோறும் சேர்கின்றன. ஆசிரியைகளின் மேற்பார்வையில் அத்தகைய கலன் ஒன்றை நம் பள்ளியில் அமைத்து, அறிவியல் மன்றத்து மாணவியர் முறைவைத்து அளந்து எழுதினால், பாடப்புத்தகத்தில் மனப்பாடம் செய்யும் நான்கு படிகளும் கண்முன்னே நடக்கும். அடுத்த ஆண்டு மலரில் அந்தக் கணக்கையே ஒரு கட்டுரையாக வெளியிடலாம். நிர்வாகத்தினர் இவ்வேண்டுகோளைக் கனிவுடன் ஆராய வேண்டுகிறேன்.

நிறைவாக

கிழங்கை அரைக்க எந்திரம் இல்லாமல் எவரும் சேகோ ஆலை தொடங்குவதில்லை. காயவைக்கக் களம் இல்லாமலும் தொடங்குவதில்லை. அதுபோலவே எரிவாயுக் கலன் இல்லாமல் ஆலை இல்லை என்னும் நிலை வர வேண்டும். அதனை மானியம் கிடைத்தால் வைக்கும் அலங்காரப் பொருளாக எண்ணாமல், ஆலையின் ஓர் உறுப்பாகவே எண்ண வேண்டும். புதிய ஆலைக்கு உரிமம் வழங்கும்போதே அரசு இதனைக் கேட்க வேண்டும். பழைய சிறு ஆலைகளுக்குக் காலமும் கடனும் கொடுத்து, கூட்டாகச் செய்ய வழிகாட்ட வேண்டும். வாங்கும் நாம் வெண்மை மோகத்தை விட வேண்டும்.

இவை நடந்தால் உழவரின் கிழங்குக்கு விலை கிடைக்கும். களத்துப் பெண்ணின் கூலி நிற்காது. ஆலையின் அடுப்பு தன் கழிவாலேயே எரியும். வசிஷ்ட நதியில் மீண்டும் மீன் துள்ளுவதை நம் தங்கையர் பாலத்தில் நின்று பார்ப்பார்கள். ஆகவே, நம் மாவட்டத்துத் தொழில் அதிபர்களையும் ஆட்சியாளர்களையும் பணிவுடன் கேட்டுக்கொள்வோம்: ஆலையை மூட வேண்டாம்; குட்டையை மூடுங்கள்!